பெல்ட்டில் விழுந்த வெடிப்பு

தை 22, வியாழன்

ஸ்கூட்டர் பெல்ட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, இந்த வாரமே மாற்றிவிட வேண்டும் என்று ஒரத்தநாட்டு மெக்கானிக் திங்கட்கிழமை சொன்னதை நான் இன்றும் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் "அறுப்பு முடியட்டும்மா" என்பார். அம்மாவின் மூக்குக் கண்ணாடிக்கும் இதே பதில்தான். கேட்டு அலுத்துப்போய், இந்த முறை அறுப்புக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருக்கும் எங்கள் நெல்லை எடை போட இன்று எங்கள் முறை. அப்பா ஸ்கூட்டரில் கிளம்பினார். பாதி வழியில் பெல்ட் அறுந்துவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். இனி நாளைக்குத்தான்.

"சனியன் புடிச்ச வண்டி. நல்லவேளை, நீ காலேஜ் போறப்ப அறுந்து தொலையல" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

ராத்திரி எட்டு மணிக்கு மழை பிடித்தது. நெல் அங்கே வெட்டவெளியில் கிடக்கிறது. அப்பா தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனார்.