நீ சொன்னதாக நான் சொன்னது

நேற்று சர்க்கரை பார்க்க டவுனுக்குப் போயிருந்தேன். ஊசி குத்துவதற்கு முன் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கையில் தடவினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றுவிட்டாய். அரபு நாட்டில், சோனாப்பூரில் நாம் தங்கியிருந்த லேபர் கேம்ப்புக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கிளினிக்கும், அங்கே நோயே இல்லாமல் முனகிக்கொண்டு உட்கார்ந்திருந்த நீயும். முதலில் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அழுதேன்.

உன் மகள் பிளஸ் டூ முடித்த கோடை அது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கிற அளவுக்கு மார்க் இல்லை. தனியாரில் நாலு வருட நர்ஸிங் என்றால் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்க வேண்டும். டவுனில் புதிதாகத் தொடங்கியிருந்த சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருட லேப் டெக்னீசியன் படிப்பு இருந்தது. அதற்குக் கடனே வேண்டாம், ஊரில் இருப்பதை வைத்தே சமாளித்துவிடலாம். அவளுக்கு நர்ஸிங்தான் ஆசை. ஆனாலும் போனில், நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்று உன் தலையில் வைத்துவிட்டாள். நீ விசாவுக்கு வாங்கிய கடன் அடைந்தே ஒரு வருடம் ஆகவில்லை. கடன் என்றால் என்னவென்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஊரில் நாலு பேரைக் கேட்டிருப்பார்கள். நீ ஆஸ்பத்திரியையே கேட்கப் போனாய். கேம்ப்பை மேய்க்கிற பாஸிடம் வயிற்றுவலி என்று கிளினிக் சீட்டு வாங்கி, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, மாத்திரை கொடுக்க வந்த மலையாள நர்ஸிடம் படித்த கடன் அடைய எத்தனை வருடம் ஆனது என்று விசாரித்தாய். அடுத்த வாரம் தலைசுற்றல் என்று போய் ரத்தம் எடுப்பவரைப் பிடித்துக்கொண்டாய். மூன்றாவது முறை முதுகுவலி, மறுபடியும் நர்ஸ். கடன் அடைகிறவரை அவர் கல்யாணத்தையே தள்ளிப்போட்டாராம், பிறகுதான் சொந்த வீடு, தம்பியின் படிப்பு எல்லாம். லேப்காரரோ, ஊரிலேயே வேலை கிடைக்கும், வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருக்கும் என்றாராம். தினமும் ரூமுக்கு வந்து இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி என் உயிரை எடுத்தாய். கடைசியில் ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான், இனி சீட்டு கேட்டால் ஊருக்கு டிக்கெட்தான் என்று.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றிருந்தோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ பண்ணுது மாப்ள" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "இன்னிக்கு நெஞ்சுவலியா? டாக்டரம்மா சம்பளத்தக் கேக்கப் போறியா?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஃபோர்மேன் திரும்பிப் பார்த்ததும் பேசாமல் பஸ்ஸில் ஏறிவிட்டாய். பாழாய்ப்போன வாய் என்னுடையது.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு உன் முடிவைச் சொன்னாய். "நர்ஸிங்கே படிக்கட்டும் மாப்ள. கடன் கெடக்குது. இன்னும் பத்து வருசம் நான் கம்பி கட்டமாட்டனா?" வெள்ளிக்கிழமை போன் போட்டு அவளிடம் சொல்லப் போவதாக இருந்தாய். பஸ்ஸில் பேசிய அன்றைக்கே மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நிழலில் போய்ப் படுத்தாய். டியூட்டிக்கு எழுப்ப வந்தபோது நீ இல்லை.

உன் உடல் ஊர் போய்ச் சேர்ந்து, காரியம் முடிந்த மறுவாரம், உன் மகள் என் நம்பருக்குக் கூப்பிட்டாள். சேருவதற்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டதாம். அப்பா ஏதாவது முடிவு சொன்னாரா என்று கேட்டாள். அடைக்க ஆள் இல்லாத கடனுக்கு வீட்டை வைத்துவிட்டு அந்தத் தாயும் பெண்ணும் என்ன செய்வார்கள் என்று நினைத்தேன். நாளைக்கு என்னிடம் வந்து நிற்பார்களோ என்றும் நினைத்தேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, இரண்டையும்தான் நினைத்தேன். "ரெண்டு வருசப் படிப்பே போதும்னு சொன்னாரும்மா" என்றேன். சரி மாமா என்று வைத்துவிட்டாள்.

அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். பெரம்பலூரில் ஒரு லேபில் வேலை, கடன் ஒரு பைசா கிடையாது, வீடும் அவர்களிடமே இருக்கிறது. அவளோடு பள்ளியில் படித்த ஒருத்தி நர்ஸிங் முடித்துக் குவைத்தில் இருக்கிறாளாம். அங்கே அப்பாசியா என்கிற இடத்தில் வீடு எடுத்து, அப்பா அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினாளாம். போன பொங்கலுக்கு உன் வீட்டுக்குப் போயிருந்தபோது உன் மகள்தான் இதைச் சொன்னாள். பொறாமையாகச் சொல்லவில்லை. அன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நான் போயிருந்தேன். வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள், "எனக்கும் ஆசதான் மாமா. ஆனா அப்பா கடைசியா எனக்குன்னு யோசிச்சு சொன்னது இதுதான. அது போதும்."

காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நீ அவளுக்காகச் சொன்னது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவள் போற்றி வைத்திருப்பது நான் சொன்னது.