நாற்பத்தொரு நிமிடச் சிவப்பு

நாள் 212 — 08:00
காவல்-3, இராணுவத் தொடர்புச் செயற்கைக்கோள். பணியில் ஒருவர்: பொறியாளர் எழில்வேணி. ஆன்டெனாக்கள் சீர். காற்று வடிகட்டி இரண்டில் ஒன்று நின்றுவிட்டது. மாற்று வடிகட்டி நாளைய விண்கலத்தில் வருகிறது. கூடவே தளபதி கோதண்டமும் வருகிறார். இனி அழைப்பு வரிசையை இயந்திரமே பார்த்துக்கொள்ளுமாம். அதைத் தொடங்கிவைக்க வருகிறார். இயந்திரம் புதிது, விதி மட்டும் அவர் எழுதிய அதே பழையது.

நாள் 212 — 14:20
இதைக் கண்டெடுப்பவருக்கு அந்த விதியைச் சொல்லிவிடுகிறேன். தலைமையகத்தின் அழைப்பு சிவப்பு. மற்றதெல்லாம் பச்சை. விண்கலங்களும் பச்சைதான், யார் ஏறியிருந்தாலும். சிவப்பு திறந்திருக்கும்வரை பச்சை காத்திருக்க வேண்டும்; குரல் எனக்குக் கேட்கும், பதில் சொல்லவோ இணைக்கவோ கூடாது.

போன வருடம் பதினேழாம் எல்லைக் காவல் சாவடியிலிருந்து என் தம்பி மாசிலாமணி பச்சையில் கூப்பிட்டான். நம் பீரங்கியே அவர்கள்மீது சுட்டுக்கொண்டிருந்தது. தளபதியோ சிவப்பைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அது அவர் வழக்கம். அவர் திரும்பும்வரை, நாற்பத்தொரு நிமிடமும் சிவப்பில் போனது தட்டுச் சத்தமும், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துப்பா" என்ற குரலும்தான்.

"அக்கா, லைன்ல இருக்கியா?" என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். விதியை மீறக்கூடாதென்று நான் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். சிவப்பு மூடியபோது பதினேழாம் சாவடியில் யாரும் உயிரோடு இல்லை. விசாரணையில் என்னைப் பாராட்டினார்கள். அன்று சிவப்பில் போனதன் ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது.

நாள் 213 — 09:10
விண்கலத்தின் கணினி செயலிழந்தது. வேகத்தைக் குறைக்கும் கணக்கைத் தரை நிலையம்தான் சொல்ல வேண்டும். அது என் வழியாகத்தான் போக வேண்டும். பச்சையில் கூப்பிடுகிறார்கள்.

09:12
சோதனைக்காகச் சிவப்பைத் திறக்க எனக்கு அதிகாரம் உண்டு. திறந்துவிட்டேன். அந்த ஒலிப்பதிவைச் சிவப்பில் ஓடவிட்டேன். காத்திருப்பவர்களுக்கும் அது கேட்கும்படி செய்துவிட்டேன். வயிறு குளிர்ந்தது.

09:19
"யாரு டியூட்டியில? நான் தளபதி கோதண்டம் பேசுறேன். சிவப்ப கட் பண்ணு!"
சிவப்பைத் துண்டிக்கும் அதிகாரம் பொறியாளருக்கு இல்லை. பிரிவு ஒன்பது. அவர் கையெழுத்து.

09:31
"அக்கா, நான் பைலட் இன்பராஜ். பிரேக் ராக்கெட்ட எப்ப போடணும்னு தெரியல. உங்க லைன் அடைச்சிருக்கு. லைன்ல இருக்கீங்களாக்கா?"
யார் இவனை அக்கா என்று கூப்பிடச் சொன்னது?

09:44
"அம்மா... அது என் குரல்தானே? தெரியாம நடந்துபோச்சும்மா. இந்தப் பையன் என்ன பண்ணான்?"
என் தம்பி என்ன பண்ணான்? சொல்லட்டும். அவர் வாயால் சொல்லட்டும்.

09:47
இன்னும் ஆறு நிமிடம். ஒரு நிமிடம்கூடக் குறைக்க மாட்டேன். அவனுக்கு யாரும் குறைக்கவில்லை.
இன்பராஜ் மறுபடி கூப்பிடுகிறான்.

09:53
நாற்பத்தொன்று. பிரிவு ஒன்பதை மீறிச் சிவப்பை மூடினேன். பச்சையைத் திறந்தேன். தரையின் கணக்கு தயாராக இருக்கிறது. இன்பராஜைக் கூப்பிட்டேன்.

09:58
நான்கு முறை கூப்பிட்டேன். ரேடாரில் விண்கலம் இல்லை, வேகம் குறையாமலே போய்விட்டது. வடிகட்டியும் அவர்களோடு போயிற்று. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பழி தீர்ந்தது என்று எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

11:40
இரண்டாவது வடிகட்டியும் நின்றுவிட்டது. தலை கனக்கிறது. ஒலிப்பதிவை நான் நிறுத்தவில்லை போல. ரசம் கேட்கிறார். பச்சையை மூடவில்லை. மூட மாட்டேன்.
தம்பி இன்பராஜ், அக்கா இருக்கேன்டா. லைன்ல இருக்கியா