மஹ்மூத் வீட்டு முதல் சஹன்

கம்பளை

அன்பு மகன் ஸாகிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்கால் நோவைத் தவிர எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, கட்டார் வெயிலில் உன்னையும் அல்லாஹ் சுகமாக வைத்திருப்பானாக. மகன், இது வாப்பாவின் கையெழுத்து. பள்ளிவாசல் வகுப்பில் றிப்தா டீச்சர் சொல்லித் தந்து இந்த வயதில் எனக்கும் எழுத்து வந்துவிட்டது. ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிப்போகிறது, ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் கடிதத்தில் நல்ல செய்தி எழுதத்தான் ஆசைப்பட்டேன். இதைப் போனில் சொல்ல முடியாது, உம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், இன்னொருவரைக் கொண்டு எழுதுவிக்கவும் மனமில்லை.

போன ஞாயிறு மஹ்மூதின் மூத்த மகளுக்குக் கண்டியில் கலியாணச் சாப்பாடு. இளையவள் ஹபீலாவை உனக்குப் பேசியிருப்பதால் மஹ்மூத் என்னைத் தன் சஹனில் இருத்துவான், ஊர் பார்க்கும், அத்தோடு பேச்சு உறுதி என்று நினைத்துத்தான் வெள்ளைச் சாரன் உடுத்துப் போனேன். நம்மவர்கள் இதையெல்லாம் வாயால் சொல்வதில்லை, ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்காரும்போது யாரோடு யார் என்பதுதான் சொல். என்னைக் கதவோரத்துச் சஹனுக்குக் காட்டினார்கள். மஹ்மூதின் ஒரு பக்கம் புதுச் சம்பந்தி, மறுபக்கம் கடுகண்ணாவையில் கடை வைத்திருக்கும் ஒருவர், அவருடைய கலியாணமாகாத மகன். அந்தப் பையனுக்கு மஹ்மூத் தன் கையாலேயே கோழித் துண்டு எடுத்து வைத்தான். என் சஹனில் இருந்த தையல்கார ஸிபான், "என்ன நானா, சம்பந்திமாருக்கு சஹன் அங்க ஈக்கி, நீங்க எங்கட எறச்சில பங்குக்கு வந்தீங்களா?" என்று கேட்க எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவனும் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு நல்ல துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போயிருப்பேன், ஒருவன் எழுந்தால் மற்ற ஐந்து பேரின் கையும் நின்றுவிடும் என்று இருந்தேன். கை கழுவும் இடத்தில் மஹ்மூதிடம், பேச்சு அப்படியேதானே என்று கேட்டேன். "வட்டிலாப்பம் கெடச்சிச்சா நானா?" என்று கேட்டுவிட்டு அடுத்தவருக்கு சலாம் சொல்லப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா எந்தச் சஹன் என்றுதான் முதலில் கேட்டாள். மஹ்மூதோடு என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து உன் கலியாணத்துக்கு யாரை யாரோடு இருத்துவது என்று நொண்டி நொண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு றலியாவிடம் பேசுகிறாள். ஊரார் சொல்வதற்குள் நீயே அவளுக்குச் சொல்லு மகன். நோகப்போகிறவன் நீ, உன்னிடமே இதைக் கேட்கிறேன், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது.

தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. கலியாணத்துக்கென்று கேட்ட லீவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதே, வா. அல்லாஹ் உன் மனதை லேசாக்கி வைப்பானாக. பெருநாளைக்கு முன் போன் எடு, மறந்துவிடாதே. ஹபீலாவுக்குப் பெருநாள் உடுப்பு வாங்கி உம்மா அலுமாரியில் வைத்திருக்கிறாள், அன்று காலையில் தானே கொண்டுபோவாளாம்.

உன் வாப்பா
ஜுனைதீன்