மூடிய கையும் அரிசி டிரம்மும்

2 ஜூலை 2025, புதன்

இன்று எங்கள் பள்ளியில் பிடி அரிசி டிரம்மைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் அலமாரியை வைத்துவிட்டார்கள். இனி பிள்ளைகள் அரைக் கிலோ பச்சரிசியைப் பொட்டலமாகக் கட்டி, பெயரும் வகுப்பும் எழுதி, அலமாரியில் வைக்க வேண்டுமாம். இது தவறு. யார் முகம் சுளித்தாலும் எழுதுவேன், இது தவறு.

நான் இந்தக் கான்வென்ட் விடுதிச் சமையலறைக்கு வந்து முப்பத்தொரு வருஷம். ஒவ்வொரு புதனும் பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசியோடு வரிசையாக வருவார்கள். மூடிய கையை டிரம்முக்குள் விட்டுத்தான் திறக்க வேண்டும் என்பது முதல் சிஸ்டர்கள் வைத்த முறை. சீரகச் சம்பா, ரேஷன் அரிசி, புழுங்கல் எல்லாம் உள்ளே ஒன்றாகிவிடும். கலந்த அரிசி சோறாக வேகாது. அதனால் வியாழன் மதியம் கஞ்சி. சிஸ்டர்கள், டீச்சர்கள், ஷூ கம்பெனி முதலாளி மகள், எல்லோரும் ஹாலில் தரையில் உட்கார்ந்து அதையே குடிப்பார்கள். சில கைகள் வெறுங்கையாகவும் வரும். டிரம்முக்குள் அரிசி விழும் சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

தலைமையாசிரியை சிஸ்டர் செசிலியாவிடம் போய்க் கேட்டேன்.

"போன வாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளையோட கஞ்சியில வண்டு, மீனாம்மா. அவங்க அப்பா போட்டோ புடிச்சு எடுத்துட்டு வந்துட்டார். நான் என்ன சொல்றது?"

"வண்டு இருந்தா புடைக்கணும் சிஸ்டர். டிரம்மைத் தூக்கிட்டா ஆச்சா?"

அவர் என் கண்ணையே பார்த்தார். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

3 ஜூலை, வியாழன்

பிள்ளைகள் பொட்டலம் கொண்டுவருவது அடுத்த வாரம்தான். இன்று கடையில் வாங்கிய பொட்டல அரிசிக் கஞ்சி. நன்றாகத்தான் இருந்தது. கூட வேலை செய்யும் முத்துமாரி, "இன்னா மீனாம்மா, சூப்பரா வந்துருக்கு இல்ல?" என்றாள். உப்பு ஜாஸ்தி என்றேன். உப்பு சரியாகவே இருந்தது.

9 ஜூலை, புதன்

அலமாரி முன்னால் ஒரே கூட்டம். பெயர்களைப் படித்துச் சிரிக்கிறார்கள். "ஏய், இவ சீரகச் சம்பாடி! மீனாம்மா, நாளைக்குப் பிரியாணியே போட்டுடுங்க!" ஒருத்தி இன்னொருத்தியின் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து, "கம்மியா இருக்கே" என்கிறாள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். தராசைக் கையில் கொடுத்தால் நிறுக்கத்தான் செய்வார்கள்.

ஒன்பதாம் வகுப்பு ஜஹீதா இன்று பள்ளிக்கே வரவில்லை. ஜெபம் முடிந்ததும் முதல் ஆளாக டிரம்முக்கு ஓடி வருகிறவள். அவள் அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் இரண்டு மாதமாக வேலை இல்லை. அவள் கை எப்போது வெறுங்கையானது என்பதும் எனக்குத் தெரியும்.

10 ஜூலை, வியாழன்

ஜஹீதா இன்றும் வரவில்லை.

16 ஜூலை, புதன்

செவ்வாய் வரை வந்தவள் இன்று மறுபடி இல்லை. போதும். உட்கார்ந்து மனு எழுதினேன், மூன்று பக்கம். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. மளிகை கட்டி வந்த காகிதங்களைப் படித்துப் படித்தே எழுத்தைப் பிடித்தேன். ஆனாலும் ஒரு பிழை இல்லை என்று சத்தியம் செய்வேன். அலமாரியால் நடந்ததற்குச் சாட்சி வேண்டுமே? ஜஹீதா, ஒன்பது பி, கொண்டுவர அரிசி இல்லாததால் புதன், வியாழன் லீவு போடுகிறாள் என்று தெளிவாக எழுதி சிஸ்டர் மேஜையில் வைத்தேன். இப்போது என்ன சொல்கிறார் பார்ப்போம்.

18 ஜூலை, வெள்ளி

ஜஹீதா சமையலறைக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

மனுவைப் படித்த சிஸ்டர், விசாரிக்கச் சொல்லி வகுப்பு டீச்சர் பாரதியிடம் கொடுத்திருக்கிறார். பாரதி டீச்சர் மெதுவாகத்தான் கேட்டிருக்கிறார், ஆனால் வகுப்பில் வைத்து. மதியத்துக்குள் மூன்று பிள்ளைகள் பக்கத்துக் கடையில் வாங்கி ஆளுக்கொரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்களாம். மூன்றிலும் ஜஹீதா என்று அவர்களே எழுதியிருந்தார்களாம். அன்பாகத்தான் செய்திருக்கிறார்கள்.

"அலமாரியில என் பேர் இல்ல, மீனாம்மா. வயித்து வலின்னு சொல்லி லீவு போட்டேன், யாருக்கும் தெரியல. நீங்கதான் எழுதிக் குடுத்துட்டீங்க."

"உனக்காகத்தானேடி எழுதினேன்!"

"நான் கேட்டேனா?"

போய்விட்டாள். கேட்டாளா? இல்லை. முப்பத்தொரு வருஷம் ஒரு பிள்ளையின் கையைப் பற்றியும் வாய் திறக்காதவள் நான் — எனக்கு இன்னா ஆச்சு? ஜெயிக்கணும்னு வெறி புடிச்சா, பச்சப் புள்ள பேரையா கொண்டுபோய் மேஜை மேல வைப்பேன்?

19 ஜூலை, சனி

காலை உப்புமா அடிபிடித்துவிட்டது.

21 ஜூலை, திங்கள்

சிஸ்டரிடம் போய் மனுவைத் திருப்பிக் கேட்டேன்.

"வாபஸ் வாங்குறீங்களா?" அவர் முகத்தில் லேசான சிரிப்பு.

"அது நடக்காது. அந்தப் பிள்ளை பேரை மட்டும் எடுக்கணும். மத்தது அப்படியே நிக்கும்."

பிறகு, சொல்ல நினைக்காததையும் சொன்னேன். அந்த வாரம் அரிசியைப் புடைத்தவள் நான். வண்டு என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறு மாதமாகவே முறத்தில் அரிசி வெள்ளைப் புகையாகத்தான் தெரிகிறது.

"தெரியும், மீனாம்மா" என்றார். "யார் புடைச்சதுன்னு அந்த அப்பா கேட்டார். உங்க பேரைச் சொல்ல எனக்கு மனசு வரல. இனிமே டிரம்மே கிடையாது, பொட்டலம்தான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

என் பெயரை மறைக்கத்தான் இத்தனை பெயர்களா? கோபப்பட வேண்டிய இடம். கோபம் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "அப்பவும் அது தப்புதான் சிஸ்டர்" என்றேன்.

"தப்புதான். இதுக்கு மேலயும் உங்ககிட்ட சண்டை போட என்னால முடியாது. கண் ஆபரேஷனுக்கு ஒத்துக்கோங்க, டிரம்மைத் திருப்பி வைக்கிறேன்."

22 ஜூலை, செவ்வாய்

நாளை புதன். செய்ய வேண்டியவை, மறக்காமல் இருக்க:

சிஸ்டர் செசிலியா — அலமாரியை நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். கையை எப்படி மூடிக்கொண்டு வருவது என்று காலை ஜெபத்தில் சின்ன வகுப்புகளுக்குச் சொல்ல வேண்டும். ஏன் என்று விளக்கக் கூடாது.

முத்துமாரி — டிரம்மைக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். இனி புடைப்பது அவள். இரண்டு தடவை. நான் பக்கத்தில் நின்று திட்டுவேன்.

பாரதி டீச்சர் — எதையும் வகுப்பில் வைத்துக் கேட்கக் கூடாது.

நான் — மனுவைப் பெயர் இல்லாமல் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பழையதை அடுப்பில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை வேலூருக்குப் போய்க் கண்ணைக் காட்ட வேண்டும். அதற்கு முன் ஒரு வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். உள்ளே கூப்பிட்டால் மட்டும் போக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் — இங்கே பெயர் எழுத மாட்டேன் — அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வந்தால், கையை மூடிக்கொண்டு வரட்டும். அவள் கை டிரம்முக்குள் போகும்போது நான் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். என் காதிலும் விழக் கூடாது.