கடைசித் தெருவுக்கு ஒரு மணி நேரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

அத்தை போய் இருபது நாள் ஆகிறது. வயிற்றுப்போக்கு என்று மட்டும்தான் அம்மா உன்னிடம் போனில் சொன்னாளாம், மீதியை நான்தான் சொல்ல வேண்டும். வெயில் தொடங்கியதும் தொட்டியில் பாதித் தண்ணீர்தான் ஏறியது. மேல் தெருக்களுக்கு எப்போதும்போல் இரண்டு மணி நேரம் விடு, கடைசித் தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை போதும் என்று இன்ஜினியர் வாய்வார்த்தையாகச் சொன்னார். வால்வைத் திருகுகிறவன் நான், சொன்னபடி திருகினேன். நம் வீடு மேல் தெருவில், நமக்கு ஒரு குறையும் இல்லை. அத்தை ஒருநாள் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து, ஏண்டா, தண்ணி தொறக்குற கை உன்னுது, அக்கா தெருவ மட்டும் மறந்துட்டியா என்று சிரித்தபடிதான் கேட்டாள். என் கையில ஒண்ணும் இல்லக்கா என்றேன். அப்புறம் அந்தத் தெருவே, சாக்கடை ஓரம் பழைய குழாய் உடைந்து தேங்கிய குழியில் மொண்டு குடித்திருக்கிறது. பதினோரு பேர் படுத்தார்கள், பத்துப் பேர் எழுந்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லையம்மா. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், கை மட்டும் யாருடையதோ மாதிரி இருக்கிறது. மூன்றாம் நாளே போய் எல்லாத் தெருவுக்கும் ஒரு மணி நேரம் என்று பம்ப் ரூம் கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டுத் திறந்தேன். உடைந்த குழாயைத் தெருக்காரர்களே கூட நின்று அடைத்தார்கள். இன்ஜினியர் வந்து யாரக் கேட்டுச் செஞ்ச என்று கத்தினார். பழையபடி விடணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார் என்றேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். காகிதம் இன்னும் வரவில்லை. என்னை வேறு இடத்துக்குத் தூக்கி அடித்தாலும் அடிப்பார்கள், நீ அதற்குக் கலங்காதே.

முதல் நாள் திறந்துவிட்டுச் சைக்கிளில் கடைசித் தெருவுக்குப் போனேன். பூட்டிக் கிடந்த அத்தை வீட்டின் பின்னால் தண்ணீர்ச் சத்தம். எப்போது வருமோ என்று அத்தை குழாயைத் திறந்தே வைத்து அடியில் குடமும் வைத்திருந்திருக்கிறாள், அது நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மூடுவதற்கு வெகுநேரம் ஆயிற்று எனக்கு.

எங்கே இருந்தாலும் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. இதைப் படித்ததும் அம்மாவுக்கு ஒரு போன் போடு, போனை என்னிடம் கொடுக்கச் சொல்லாதே. என் ஆயுசும் சேர்ந்து நீ நன்றாக இரு.

உன் அப்பா