சாமித்தட்டுக்குப் பின்னால் ஒரு பலகை

விஸ்ப்
6 ஒக்டோபர் 2024

ரிஷானியின் அப்பாவுக்கு,

போனில் கதைத்தால் இருவருக்கும் கோபம்தான் மிஞ்சுகிறது. கடிதமென்றால் நீங்கள் இடையில் வெட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன். ஆராவ் ஊர் ஒத்துக்கொண்டதா? சமைத்துச் சாப்பிடுகிறீர்களா, இல்லை வேலைசெய்யும் இடத்தில் மிஞ்சுவதுதானா?

எனக்கு அதே வேலை, அதே வீடு. கேலி செய்வீர்கள் என்று தெரிந்தும் ஒன்று சொல்கிறேன். மாசியில் எங்களை விட்டுப் போன பிள்ளை பின்னேரங்களில் வீட்டுக்குள் நடக்கிறாள். முதலில் வாசல் பலகை முனகுகிறது. கொஞ்சம் அமைதி. பிறகு, அறையைச் சூடாக்கும் கல்லடுப்புக்கு முன்னால் ஒரு குதி. அங்கே ஒரு பலகை கிறீச்சிடும், கீழ்வீட்டு அம்மா ப்ராவ் இம்போடன் ஏசுவார் என்று அவள் அதைத் தாண்டிக் குதிப்பாளே, அதே குதி. குதித்தால் இன்னும் சத்தமல்லவா என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

எனக்குப் பயமில்லை. சந்தோசமாக இருக்கிறது. தேத்தண்ணி இரண்டு கோப்பை போடுகிறேன்.

கஜலக்சுமி


ஆராவ்
13 ஒக்டோபர்

அன்புள்ள கஜா,

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. உன் சொதியைத்தான் இந்த ஊரில் எங்கும் காணோம்.

அந்த வீட்டின் வயதை நீ மறந்துவிட்டாய். முன்னூறு வருசத்து லார்ச் மரம், மூலைக்கு மூலை கொளுவி அடுக்கியது, வெயிலில் கறுத்துப் போனது. வீட்டைக் கட்டிய புருசன் பெண்சாதியின் பெயரும் ஆண்டும் உத்திரத்தில் வெட்டியிருப்பதைப் பிள்ளைதானே எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். நாலு தட்டில் நாலு குடும்பம், மேலே இருமினால் கீழே கேட்கும். குளிர் தொடங்கி அடுப்பை மூட்டியதும் மரம் சுருங்கும், முனகும். அவ்வளவுதான். அந்தச் சத்தங்களைத் தாங்க முடியாமல்தான் நான் கொங்கிறீற் வீட்டுக்கு வந்தேன். இங்கே நிம்மதி. மாத்திரையை ஒழுங்காகப் போடு.

அன்புடன்,
இராஜேந்திரன்


விஸ்ப்
27 ஒக்டோபர்

ரிஷானியின் அப்பாவுக்கு,

நேற்று ப்ராவ் இம்போடன் அப்பிள் கொண்டு மேலே வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சின்னப் பலகை எங்கே என்று கேட்டார். இந்தப் பக்கத்துப் பழைய மரவீடுகளில் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை விட்டு, அதற்குத் தள்ளுபலகை போடுவார்களாம். வீட்டில் ஒருவர் இறந்தால் உயிர் வெளியே போக அதைத் திறப்பார்களாம். பிறகு திரும்பி வராதபடி மூடிவிடுவார்களாம். நான் சாமித்தட்டைக் காட்டினேன். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

ஞாபகமிருக்கிறதா? நாங்கள் குடிவந்த முதல் மாரியில் அந்தக் குழியைக் கண்டு, "இஞ்ச பாரப்பா, வெள்ளைக்காரனும் விளக்குமாடம் வச்சுத்தான் கட்டியிருக்கிறான்" என்றீர்கள். காற்று வந்து விளக்கை அணைக்கிறதென்று பலகையை ஸ்குரூ போட்டு இறுக்கி, அதன்மேல் தட்டையும் பூட்டினீர்கள். ஆஸ்பத்திரி வேண்டாமென்று பிள்ளை வீட்டுக்கு வந்து கண்ணை மூடியதும் அந்த அறையில்தான். வழியை அடைத்து வைத்துக்கொண்டு, அதற்கு முன்னாலேயே இருந்து தேவாரம் படித்திருக்கிறோம்.

பூட்டியவர் நீங்கள். வந்து கழற்றுங்கள். இல்லையென்றால், கழற்றவே வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்கு அதுதான் விருப்பம்.

கஜலக்சுமி


ஆராவ்
3 நவம்பர்

அன்புள்ள கஜா,

உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செய்தோம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்தோம், சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தோம். இவ்வளவும் செய்துவிட்டுப் பிள்ளையை அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறோம் என்றால் அது அடுக்குமா?

திறந்துவிடு. தேத்தண்ணி ஊற்றிப் பிடித்து வைத்திருப்பது பாசமில்லை. போகிற பிள்ளையை வாழ்த்தி அனுப்பத்தான் வேண்டும். நான் வரமாட்டேன், அந்த வாசலை மிதிக்க எனக்கு ஏலாது. ஸ்குரூ டிரைவர் குசினி மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

இராஜேந்திரன்


விஸ்ப்
10 நவம்பர்

ரிஷானியின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். சாமிப் படங்களையும் விளக்கையும் இறக்கித் தட்டைக் கழற்றினேன். இத்தனை வருசம் இறுகியிருந்த ஸ்குரூ, உள்ளிருந்து யாரோ தள்ளிக் கொடுத்ததுபோல் லேசாக வந்தது. பலகையைத் திறந்தபோது வெளியே காற்றே இல்லை. ஆனாலும் விளக்குச் சுடர் ஓட்டைப் பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றது. வாசல் பலகை முனகியது. "கவனமாப் போ பிள்ளை" என்றேன். குதி கேட்கவில்லை. சுடர் நிமிர்ந்த பிறகு பலகையை மூடினேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அடுப்பை மூட்டினாலும் மரம் முனகவில்லை. உங்கள் மரம் சுருங்குகிற கதைக்கு என்ன நடந்தது? எனக்கென்று இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான், அதையும் உங்கள் பேச்சைக் கேட்டு அனுப்பிவிட்டேன். இனி நாங்கள் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது? பதில் வேண்டாம்.

கஜலக்சுமி


ஆராவ்
17 நவம்பர்

என் கஜா,

பதில் வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் பலகை முனகியது. இந்த வீட்டில் பலகையே இல்லை கஜா. நிலம் முழுக்கக் கொங்கிறீற். கொஞ்சம் அமைதி. பிறகு ஒரு குதி. கல்லடுப்பு இருந்தால் எந்த இடத்தில் இருக்குமோ, சரியாக அந்த இடத்துக்கு முன்னால்.

நானே கற்பனை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இன்று கீழ்வீட்டுக்காரர் படியில் மறித்து, வீட்டில் பிள்ளை இருக்கிறதா, குதிக்கிற சத்தம் கேட்கிறதே என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு எழுதிய புத்தி ஒன்றும் எனக்கு உதவவில்லை. ஜன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்திவிட்டேன். தேத்தண்ணி போட்டு வைத்தேன். அவளுக்கு எவ்வளவு சீனி என்று எனக்குத் தெரியவில்லை.

நீ வா. ஸ்குரூ டிரைவரை மட்டும் கொண்டு வராதே.

உன்
இராஜேந்திரன்