முகிலுக்குள் இருந்த மதுசாரம்

மச்சான்,

ட்ரங்குப் பெட்டியைத் திறந்ததும் பழந்தாளின் மணத்தோடு அந்தப் பத்திரிகைப் பக்கம் கைக்கு வந்தது. எழுத்துப் படிக்க முதியோர் வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம். சவர்க்கார மட்டையைக்கூட விடாமல் வாசிக்கிறேன். இன்று காலை முழுவதும் அந்தப் பக்கத்தை வாசித்தேன். நீ போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு உனக்கு எழுதுவது அதனால்தான்.

வாசிகசாலையில் அதை நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். கரிச்சட்டிபோல ஒரு முகிலின் படம். நட்சத்திரங்களுக்கு நடுவேயுள்ள அந்த வாயு முகிலில், சாராயத்தில் இருக்கிற அதே மதுசாரம் இருக்கிறதாம் என்றாய்.

"காய்ச்சினது ஆர்?" என்றேன்.

சிரித்துவிட்டு விளங்கப்படுத்தினாய். "நடுக்கடலிலை ரெண்டு தோணி சந்திக்கிறது அருமை. கரையிலை ஒண்டோடை ஒண்டு முட்டும். அங்கை தூசிதான் கரை. குளிரிலை அணுக்கள் அதிலை ஒட்டிச் சேருது."

இடையில் வந்த ஒரு நீண்ட சொல்லை, "உது பெரிய சொல், விடு" என்று தாண்டினாய்.

மறுநாள் கரையில் வலை இழுத்தவர்களிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். என்னை வாசிகசாலைக்கு, உன்னிடமே இழுத்துவந்து கேட்டார்கள்.

"ஏன் காணும், உவர் சொல்லுறது மெய்யோ?"

வாசிகசாலைத் தலைவர் உன் பக்கத்தில் நின்றார். கள்ளென்ற பேச்சே அவருக்கு ஆகாது. அவர் உன்னைச் செயலாளராக்க இருந்த நேரம். பத்திரிகையை மடித்தபடி சொன்னாய்: "நான் எங்கை அப்பிடி வாசிச்சனான்? உவர் கள்ளுத் தவறணையிலை கேட்டிருப்பார்."

கள்ளைத் தொட்டறியாத எனக்கு அன்றிலிருந்து 'வான்தவறணை' என்று பெயர். மகளின் கல்யாணப் பந்தலிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பிறகு படத்தை அடையாளம் வைத்து, வாசிகசாலையின் பழைய பத்திரிகைக் கட்டிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவந்தேன். யாரிடமும் வாசிக்கக் கொடுக்கவில்லை. அதில் அப்படி இல்லையென்றால், நீ எனக்கு வாசித்ததெல்லாம் விளையாட்டாகிவிடுமே என்ற பயம். நீயும் வாய் திறக்கவில்லை. செயலாளராகவே செத்தாய்.

இன்று பார்த்தேன். முகில் இருக்கிறது. காபனும் ஐதரசனும் ஒட்சிசனும் தூசியில் ஒட்டிச் சேருவது இருக்கிறது. மதுசாரமும் இருக்கிறது. தோணி மட்டும் இல்லை. அது நீ எனக்காகச் சேர்த்தது. அவ்வளவு அக்கறையாக விளங்கப்படுத்திய வாயால் எப்படியடா அந்தப் பொய்யைச் சொன்னாய்?

கோபம் தீரவில்லை. ஆனாலும் வாசித்து முடித்ததும் துள்ளி எழுந்தேன். யாரிடம் காட்டலாமென்று யோசித்தபோது, உன் வீட்டு வாசற்படலைதான் முதலில் நினைவில் வந்தது.

நீ தாண்டிய சொல்லை நான் தாண்டவில்லை, மச்சான். மூலக்கூறு. இரண்டு முறை தடுமாறினேன். மூன்றாம் முறை சத்தமாக வாசித்தேன்.